பக்கவாதம் வந்தவருக்குச் சீன மூலிகை மருந்து: கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் கையில் ஒரு சீன மருந்து டப்பா இருக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் ஆட்களுக்கு இது சர்வசாதாரணம். பக்கத்துத் தெருவில் ஒரு சீன மருந்துக்கடை, குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு சின்சே (சீன வைத்தியர்), "எங்க பெரியப்பா இதைச் சாப்பிட்டுத்தான் எழுந்து நடந்தார்" என்று சொல்ல ஒரு பக்கத்து வீட்டுக்காரர். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு வெளிநாட்டுச் சொந்தக்காரர் மூலமாகவோ ஆன்லைனிலோ வந்து சேர்கிறது. கொண்டுவருபவர் அக்கறையில்தான் கொண்டுவருகிறார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதை வாங்கி நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன்னால் சில விஷயங்களைப் பார்த்தே ஆக வேண்டும்.

சீன மூலிகை என்றாலே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. கடந்த சில வருடங்களில் சீனாவில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை அல்லது ஊசி என்று பிரித்து, ஒழுங்காகச் செய்த ஆய்வுகள் வந்திருக்கின்றன, அவற்றில் சில நிஜமாகவே நம்பிக்கை தருகின்றன. அந்த நம்பிக்கை எந்த மருந்துக்கு, எந்த வகைப் பக்கவாதத்துக்கு, எத்தனை மணி நேரத்துக்குள், எந்தச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது கிடைத்தது என்று கேட்கத் தெரிய வேண்டும். அந்த நாலு கேள்வியையும் விட்டுவிட்டு "சீன மருந்து மூளையைக் காப்பாற்றும்" என்ற ஒற்றை வரியை மட்டும் பிடித்துக்கொண்டால் ஆபத்து.

முதல் சில மணி நேரத்தில் வாயில் எதுவும் போடாதீர்கள்

முகம் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது. இதில் ஒன்று திடீரென்று வந்தாலும் அந்த நிமிடமே ஆம்புலன்ஸ். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். குழாய் வழியாகக் கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சைக்குச் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட வாய்ப்பு உண்டு, ஆனால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அறிகுறி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று மறக்காமல் குறித்து வையுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

சீனாவில் பல குடும்பங்கள் இந்த நேரத்துக்கென்றே ஆன்கோங் நியூஹுவாங் என்ற விலை உயர்ந்த உருண்டை மருந்தை வீட்டில் வைத்திருக்கின்றன. தங்க நிறத்தாளில் சுற்றி, அழகான பெட்டியில், பரிசாகக்கூடக் கொடுப்பார்கள். அதன் மரபுச் செய்முறையில் சாதிலிங்கமும் மனோசிலையும் உண்டு. முதலாவது பாதரசம் அடங்கியது, இரண்டாவது ஆர்செனிக் அடங்கியது. அதைவிட உடனடி ஆபத்து வேறு: பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் தசையே சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம். வாயில் திணித்த உருண்டையோ, ஊற்றிய தண்ணீரோ மூச்சுக்குழாய்க்குள் போய் மூச்சடைக்கும், இல்லையென்றால் இரண்டு நாளில் நிமோனியாவாகத் திரும்பும். ஆஸ்பத்திரியில் விழுங்கும் பரிசோதனை முடிந்து சரி என்று சொல்லும் வரை தண்ணீர்கூடக் கூடாது. வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, விரல் நுனிகளை ஊசியால் குத்தி ரத்தம் வரவைத்தால் ஸ்ட்ரோக் நிற்கும் என்று, அதையும் செய்யாதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் பாதி தூரம் போயிருக்கும்.

அடைப்பா, ரத்தக் கசிவா என்று ரிப்போர்ட்டைப் பாருங்கள்

மூலிகை பற்றிப் பேசுவதற்கு முன் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் எடுங்கள். பக்கவாதத்தில் பெரும்பான்மை ரத்தக்குழாய் அடைப்பால் வருவது. மீதி, ரத்தக்குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவதால் வருவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், கை கால் விழும், வாய் கோணும். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

பக்கவாதத்துக்கு என்று விற்கும் சீன மருந்துகளில் பெரும்பாலானவை ரத்தத்தை ஓடவைக்கும், தேக்கத்தைக் கலைக்கும் வகையைச் சேர்ந்தவை. இந்த மரபில் மிகப் பெயர்பெற்றது பூயாங் ஹுவான்வூ கஷாயம், வாங் சிங்ரென் என்ற மருத்துவர் 1830இல் வெளியிட்ட நூலில் எழுதிவைத்தது. ஹுவாங்சி என்ற வேர் அதில் தலைமை மருந்து, நாலு லியாங், அதாவது இன்றைய கணக்கில் 120 கிராம் அளவுக்குச் சொல்வார்கள். கூடவே டாங்குய் வேர், சிவப்புப் பியோனி, சுவான்சியோங், குசும்பாப்பூ, பீச் பழக்கொட்டையின் பருப்பு, காய்ந்த மண்புழு. ரத்தம் கசிந்த ஒருவருக்கு, அதுவும் ஆரம்ப நாட்களில், ரத்தம் உறைவதைத் தடுக்கக்கூடிய பொருட்களைக் கொடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்துப் பாருங்கள்.

கசிவுக்கென்றே சீனாவில் பயன்படுத்தும் சோங்ஃபெங் சிங்நாவ் என்ற மூலிகைக் கூட்டை 26 ஆஸ்பத்திரிகளில் 1648 நோயாளிகளிடம் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். கசிவு வந்து 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, மருந்து சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் நடமாட்டத்திலோ உயிர் பிழைப்பதிலோ வித்தியாசம் இல்லை. சீன மரபு மருத்துவ ஆஸ்பத்திரியின் ஆட்களே முன்னின்று நடத்தி, பலனில்லை என்று வந்ததை மறைக்காமல் வெளியிட்ட ஆய்வு இது. அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை. ஆக, உங்கள் வீட்டு நோயாளிக்கு வந்தது கசிவு என்றால் இதற்கு மேல் மூலிகையைத் தேட வேண்டாம், ரத்த அழுத்தத்தைக் கட்டுப்பாட்டில் வைப்பதில் முழுக் கவனத்தையும் செலுத்துங்கள்.

மூளையைக் காப்பது என்றால் என்ன நடக்கிறது

அடைப்பு வந்ததும் நடுவில் ஒரு பகுதி சில நிமிடங்களிலேயே செத்துவிடும். அதைச் சுற்றி இன்னும் சாகாத, ஆனால் வேலை செய்ய முடியாத ஒரு பகுதி, அணையப்போகிற விளக்கு மாதிரி, சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அங்கே ஆக்சிஜன் இல்லாமல் செல்கள் குளுட்டமேட் என்ற ரசாயனத்தை அளவுக்கு மீறிக் கொட்டுகின்றன, அதனால் கால்சியம் உள்ளே பாய்கிறது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா கெடுகிறது, ஆக்சிஜனேற்றச் சேதம், பிறகு அழற்சி, மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்புச் சுவர் ஓட்டையாகி வீக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. அடைப்பு திறந்து ரத்தம் திரும்பப் பாயும்போதுகூட ஒரு புதுச் சேதம் உண்டு.

மூலிகைச் சாறுகளும் அவற்றிலிருந்து பிரித்த பொருட்களும் இந்தப் படிகளில் எதையாவது தடுப்பதாக ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது. டான்ஷென் வேரில் இருக்கும் சால்வியானோலிக் அமிலம் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் குறைக்கிறது, கிங்கோ என்ற மரத்தின் இலையில் இருக்கும் கிங்கோலைடு ரத்தத்தட்டுகளைத் தூண்டும் ஒரு பொருளைத் தடுக்கிறது, இப்படி நீண்ட பட்டியல் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் எலியில். அந்த எலிகள் பெரும்பாலும் இளசு, அவற்றுக்குச் சர்க்கரை நோய் கிடையாது, பிரஷர் கிடையாது, சில சோதனைகளில் அடைப்பை உண்டாக்குவதற்கு முன்பே மருந்து கொடுத்திருப்பார்கள். நம் வீட்டில் படுத்திருப்பவருக்கு வயது 68, இருபது வருட சர்க்கரை, அடைப்பு வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. எலியில் மூளையைக் காப்பாற்றிய மருந்துகள் மனிதனிடம் தோற்ற கதை மேற்கத்திய மருந்துகளிலும் ஏராளம். என்.எக்ஸ்.ஒய்-059 என்ற மருந்து 2006இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் ஜெயித்து, பிறகு அதைவிடப் பெரிய ஆய்வில் தோற்றுக் கைவிடப்பட்டது. அதனால் "நரம்புச் செல்களைப் பாதுகாப்பது அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது" என்று டப்பாவில் எழுதியிருந்தால், மனிதனிலா எலியிலா என்று கேளுங்கள்.

எதற்கு ஆதாரம் இருக்கிறது

மனிதர்களிடம் நல்ல முடிவு காட்டியவை இவை. எல்லாமே அடைப்பால் வந்த பக்கவாதத்துக்கு, எல்லாமே வழக்கமான ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு மேலாகக் கொடுத்தவை.

செலரி விதையில் முதலில் கண்டுபிடித்து இப்போது தொழிற்சாலையில் தயாரிக்கும் பியூட்டைல்ஃப்தலைடு. சீனாவில் 2002இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. 2023இல் வெளியான ஆய்வில் 1216 பேர், அடைப்பு வந்து 6 மணி நேரத்துக்குள், கட்டி கரைக்கும் ஊசியோ கட்டி எடுக்கும் சிகிச்சையோ பெற்றவர்கள். மூன்று மாதம் கழித்து நல்ல நிலைக்கு வந்தவர்கள் நூற்றுக்கு சுமார் 57, வெற்று மருந்து பெற்றவர்களில் 44.

கிங்கோவிலிருந்து சுத்திகரித்து எடுத்த ஊசி மருந்து, 3448 நோயாளிகள், 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 14 நாள் போட்டார்கள். நல்ல நிலைக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 50 சொச்சம், மற்ற பக்கம் 44. அதாவது சுமார் 16 பேருக்கு இந்த ஊசியைப் போட்டால் ஒருவருக்குக் கூடுதல் பலன். சின்னதுதான், ஆனால் அந்த ஒருவரின் வீட்டுக்கு அது சின்னது இல்லை. சான்சி வேரிலிருந்து எடுக்கும் சபோனின் என்ற பொருட்கள் அடங்கிய சுவேசாய்தோங் காப்ஸ்யூலை 3072 பேர் ஆய்வில் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்ததில், அடுத்தவர் துணையில்லாமல் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடிந்தவர்கள் நூற்றுக்கு 89, வெற்று மாத்திரையில் 82. எடாரவோன் என்ற மருந்தோடு போர்னியோல் சேர்த்த ஊசியும் 2021இல் வந்த 1165 பேர் ஆய்வில், எடாரவோனை மட்டும் கொடுத்ததைவிட மேலாக இருந்தது. போர்னியோல் கற்பூர வகையைச் சேர்ந்தது, சீன வைத்தியத்தில் பிங்பியென் என்பார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் கற்பூரத்தை வாயில் போட வேண்டாம், கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும்.

இந்த ஆய்வுகள் எல்லாம் நடந்தது சீனாவில், சீன நோயாளிகளிடம். மற்ற நாடுகளில் இதே அளவில் திரும்பச் செய்து பார்த்து உறுதியாகும் வரை என் நம்பிக்கை பாதியில்தான் நிற்கும். அப்படி வெளியே செய்து பார்த்த பெரிய உதாரணம் நியூரோஎய்ட், சீனாவில் டான்சி பியென்டான் என்ற பெயரில் இருந்த காப்ஸ்யூல், 9 மூலிகை, 5 விலங்குப் பொருட்கள். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், ஹாங்காங் ஆகிய இடங்களில் 1100 பேரைச் சேர்த்து 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து மூன்று மாதம் கொடுத்தார்கள். 2013இல் வந்த முடிவில் வெற்று மருந்தைவிட மேல் என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. பெரிய பக்கவிளைவும் இல்லை. அதன்பிறகு நீண்ட காலம் தொடர்ந்து பார்த்ததில் சில சாதகமான குறிகள் தெரிந்தன, ஆனால் ஆய்வின் முதல் கேள்விக்குக் கிடைத்த பதில் அதுதான். மாதாமாதம் பெரிய தொகை கொடுத்து வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும், அதே பணத்தில் இன்னும் எத்தனை நாள் பிசியோதெரபி கிடைக்கும் என்றும் கணக்குப் போடட்டும்.

இன்னொன்று. மேலே சொன்னவற்றில் பல, அளவு குறித்துச் சுத்திகரித்த ஊசிகள். கடையில் விற்கும் கிங்கோ மாத்திரையோ, பொட்டலம் கட்டிக் கொடுக்கும் வேரோ அதற்குச் சமம் இல்லை. செலரி தின்றால் பியூட்டைல்ஃப்தலைடு சாப்பிட்ட மாதிரி ஆகாது.

ஏற்கனவே சாப்பிடும் மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா

இந்த இடத்தில்தான் வீடுகளில் அதிகம் தவறு நடக்கிறது, அதனால் நிதானமாகப் படியுங்கள்.

இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பதால் அடைப்பு வந்தவர்களுக்கு வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை கொடுப்பார்கள். டான்ஷெனும் டாங்குயும் வார்ஃபரினின் வேலையை அதிகமாக்கி ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண்ணைத் தாறுமாறாக ஏற்றியதாக மருத்துவப் பதிவுகள் உண்டு. ஜின்செங் நேர்மாறு, வார்ஃபரினின் பலனைக் குறைத்துவிடும், அதாவது மறுபடி அடைப்பு வர வழி. ஃபூஃபாங் டான்ஷென் என்ற சின்ன மாத்திரை இதயத்துக்கு நல்லது என்று சர்வசாதாரணமாக விற்கும், அதில் டான்ஷென், சான்சி, போர்னியோல் மூன்றும் இருக்கின்றன. ரத்தத்தட்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிடுகிறவர்களும் இவற்றைத் தானாகச் சேர்க்கக் கூடாது.

அதிமதுரம். நம் வீட்டிலும் இருக்கிறது, சீனக் கூட்டு மருந்துகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு அளவில் இருக்கிறது. தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் ஏற்கனவே குறைவாக இருக்கலாம். மாஹுவாங் என்ற எஃபெட்ரா இன்னும் மோசம்: பக்கவாதத்துக்கென்றே பழைய நூல்களில் வரும் சியாவ் சூமிங் கஷாயத்தில் இது உண்டு, ஆனால் இதுவே பிரஷரை ஏற்றி மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் காரணமாகும் என்றுதான் அமெரிக்கா 2004இல் எஃபெட்ரா கலந்த ஊட்டப் பொருட்களைத் தடை செய்தது.

மரத்துப்போன கை காலுக்கு என்று கொடுக்கும் சியாவ் ஹுவோலுவோ உருண்டையில் இருப்பது நம் சித்த மருத்துவர்கள் வத்சநாபி என்று சொல்லும் நாவிக் கிழங்கின் இனம். நச்சை நீக்கும் சுத்தி முறையைச் சரியாகச் செய்யாவிட்டால் இதயத்துடிப்பையே குலைக்கும். ஹெஷோவூ என்ற சீன வேர் கல்லீரலைக் கெடுத்த சம்பவங்கள் நிறைய. அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடிகள், நம் ஊர் ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி இவையும் அந்தக் குடும்பம்தான், சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும், புற்றுநோயும் வரும். 1990களின் ஆரம்பத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்க வந்த நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது, ஒரு சீன வேருக்குப் பதிலாக இந்த இனத்து வேர் மாறிக் கலந்ததால்.

கொடுப்பது என்று முடிவெடுத்தால்

டப்பாவில் பொருள் பெயர்கள் முழுதாக இருக்க வேண்டும். சீன எழுத்து மட்டும் இருந்தால் படம் எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போடுங்கள், அல்லது சீன நண்பரிடம் காட்டுங்கள். மலேசியாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கி எட்டு எண்கள் வரும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா பாருங்கள், மரபு மருந்து என்றால் எண்ணின் கடைசியில் டி என்ற எழுத்து வரும். சிங்கப்பூரில் சின்சே பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தப்பே இல்லை, அதற்கென்று அரசு வாரியம் இருக்கிறது. பெயரில்லாத காகிதப் பொட்டலம், "இது குடும்ப ரகசியம், உள்ளே என்ன என்று சொல்ல மாட்டேன்" என்று கொடுக்கும் பொடி, இரண்டே நாளில் வலி பறந்துபோகும் மருந்து, எதையும் வாங்க வேண்டாம். அப்படி வேகமாக வேலை செய்யும் "மூலிகை"களைப் பரிசோதித்தபோது உள்ளே ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்திருந்தது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது.

அந்தப் படத்தையும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். "சார், இதைக் கொடுக்கலாமா?" என்று மட்டும் கேட்டால் பல டாக்டர்கள் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்று முடித்துவிடுவார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். "இதில் டான்ஷென் இருக்கிறது, அப்பா குளோபிடோகிரெல் சாப்பிடுகிறார், ரத்தக் கசிவு அபாயம் கூடுமா, கொடுத்தால் எந்த டெஸ்ட் எப்போது எடுக்க வேண்டும்?" என்று கேளுங்கள், பதிலும் அதே அளவுக்கு விவரமாக வரும். மருந்தகத்தில் இருக்கும் பார்மசிஸ்டிடமும் கேட்கலாம், மருந்துக்கு மருந்து ஒத்துப்போவது பற்றி அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். சின்சேவிடமும் இதே பட்டியலைக் காட்டுங்கள், நல்ல சின்சே அதைப் பார்த்துவிட்டு மருந்தை மாற்றிக் கொடுப்பார் அல்லது வேண்டாம் என்பார்.

ஒரே நேரத்தில் ஒரே ஒரு புது மருந்து. அதை ஆரம்பிக்கும் முன் கல்லீரல், சிறுநீரகம், பொட்டாசியம் பரிசோதனை, டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும். வீட்டில் தினமும் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஆஸ்பத்திரி மாத்திரை எதையும் இதற்காக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும், பிரஷர் மாத்திரையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும்தான் அடுத்த பக்கவாதத்தைத் தடுக்கின்றன. மூன்று மாதம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, அதற்குள் என்ன மாறினால் தொடர்வோம் என்றும் எழுதி வையுங்கள். பக்கவாதத்துக்குப் பிந்தைய முதல் மூன்று மாதத்தில் மூளை தானாகவே நிறையத் தேறும், பிசியோதெரபியும் சேர்ந்து வேலை செய்யும், அந்தப் பெயரை எல்லாம் காப்ஸ்யூல் தட்டிக்கொண்டு போவது ரொம்ப சுலபம்.

மலம் கறுப்பாகப் போனால், ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தால், காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டு தெரிந்தால், கண் மஞ்சளானால், சிறுநீர் குறைந்தால் அன்றே மூலிகையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீர் தலைவலியோடு வாந்தியோ மயக்கமோ வந்தால் மறுபடியும் ஆம்புலன்ஸ்தான்.

பல் பிடுங்குவது, எண்டோஸ்கோபி, கண் ஆபரேஷன் என்று எது வந்தாலும், கஷாயம்தானே என்று சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். தேதி குறிக்கும்போதே அந்த டாக்டரிடம் பெயர்களைச் சொல்லி, எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும், எப்போது மறுபடி ஆரம்பிக்கலாம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.